பிறநாட்டு இசையும் நம் இளவேனிலும்

மாணவர் செவிகளில் இன்று ஒலிக்கும் பாடல்களுள் ஜப்பானிய ராக் பாடல்களும் இடம்பெற்றுவிட்டன. அந்நாட்டுக் கார்ட்டூன் படங்களின் வழியே அவை பெரும்பாலும் இங்கு வந்து சேர்ந்தன. “பொருள் விளங்காத மொழியில் இத்தனை இரைச்சல் எதற்கு?” என்று பெரியோர் கேட்கின்றனர். “இசைக்கு மொழி ஏது?” என்று இளையோர் மறுமொழி கூறுகின்றனர். இரண்டும் முழு உண்மை ஆகா. அப்பாடல்களுள் இளவேனிலைப் பாடுவனவற்றை மட்டும் எடுத்து நோக்கினாலும், இசைக்கு மொழி உண்டு, மண் உண்டு, பருவமும் உண்டு என்பது புலனாகும்.

குன்றுகள் சூழ்ந்த செஞ்சிப் பகுதியில் வாழும் நமக்கு ‘ராக்’ என்றதும் பாறையே நினைவுக்கு வரும். இசையில் அச்சொல்லுக்கு ஆடுதல், அசைதல் என்பதே பொருள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு மரபில் வேர்கொண்டு 1950களில் உருப்பெற்ற இசை அது. மின்கிதாரும் முரசும் அதற்கு உயிர். 1966ஆம் ஆண்டு பீட்டில்ஸ் குழுவினர் டோக்கியோவின் புடோகான் அரங்கில் பாடியபோது, ஜப்பானிய இளைஞரிடையே அவ்விசையின் மீதிருந்த வேட்கை மேலும் பெருகியது.

அப்போது அவர்களிடையே ஒரு வினா எழுந்தது. ராக் இசையை ஜப்பானிய மொழியில் பாட இயலுமா? ஆங்கிலத்தில் பாடினால்தான் அது ராக் ஆகும். நம் மொழியின் ஓசை அதன் தாளத்திற்கு இசையாது என்று ஒரு சாரார் வாதிட்டனர். 1970, 1971ஆம் ஆண்டுகளில் இது இசை இதழ்களில் பெரும் சொற்போராகவே நடந்தது. ‘ஹாப்பி எண்ட்’ என்னும் நால்வர் குழு இதற்குப் பாட்டாலேயே விடை கூறியது. 1970இல் வெளிவந்த அவர்களது முதல் இசைத்தட்டின் முதற்பாடல் எது தெரியுமா? ‘வேனிலே வா’ எனப் பொருள்படும் ‘ஹரு யோ கோய்’. வீட்டை விட்டு வெளியேறித் தனியே வாழும் இளைஞன் ஒருவன், குடும்பத்தாரோடு கூடி உண்ட புத்தாண்டு நாளை எண்ணியபடி வேனிலை அழைக்கும் பாட்டு அது. இசைக்கருவி அயல்நாட்டது, ஏக்கமோ அவர்கள் வீட்டினது.

இந்த வினா நமக்குப் புதிதன்று. கருநாடக இசைக்குத் தெலுங்கும் வடமொழியுமே பொருந்தும், தமிழ் பொருந்தாது என்ற கூற்றை மறுத்து எழுந்ததன்றோ தமிழிசை இயக்கம்! 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு கூடியதும், 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதும் அதன் பயன்கள்.

இனி, ஜப்பானியர் இளவேனிலைப் பாடும் திறத்தைக் காண்போம். அங்குக் கல்வியாண்டு மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்குகிறது. செர்ரி மரங்கள் பூப்பதும் நாட்டின் பெரும்பகுதியில் அக்காலமே. முதற்பூ மலர்ந்த நாளை வானிலைத் துறையே அறிவிக்கும். மலர்ந்த பூ ஓரிரு வாரங்களில் உதிர்ந்துவிடும். ஆகவே அவர்களுடைய வேனிற் பாடல்களில் மகிழ்ச்சியும் பிரிவும் ஒருங்கே நிற்கின்றன. 1996 ஏப்ரலில் ‘ஸ்பிட்ஸ்’ குழு வெளியிட்ட ‘செர்ரி’ என்னும் பாடல் பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. பிரிந்தவரை நினைந்தபடியே புதுவழி நடக்கத் தொடங்கும் உள்ளம் அதில் பேசுகிறது. ‘ரெமியோரோமென்’ என்னும் மூவர் குழு 2004இல் வெளியிட்ட பாடலின் பெயரே ‘மார்ச் 9’ என்பது. நண்பர் ஒருவரின் திருமணத்திற்காக இயற்றப்பட்ட அப்பாடல், பின்னர்ப் பள்ளிகளின் பிரிவு விழாக்களில் மாணவர் கூடிப் பாடும் பாட்டாகவே ஆகிவிட்டது. இளவேனிலின் மனநிலைக்கு இப்பாடல்கள் பொருந்துவது இதனால்தான். பூவைப் பாடுவதோடு நில்லாமல், அப்பூ மலரும் நாளில் தம் மக்களுக்கு நேர்வதையும் அவை பாடுகின்றன.

நமக்கு இளவேனில் இல்லையா? சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று வகுத்தனர் முன்னோர். ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் ‘இளவேனிற் பத்து’ என்று தனியே பத்துப் பாடல்கள் பாடியுள்ளார். குயில் கூவுகிறது, குரா மலர்கிறது, புன்கு பொரிபோலப் பூக்கிறது. வருவேன் என்ற தலைவனை மட்டும் காணவில்லை. பருவம் வந்தும் அவன் வாராமையே அப்பத்துப் பாடல்களின் துயரம். பிரிவோடு சேர்த்து வேனிலைப் பாடும் மரபு நமக்கும் பழமையானதே.

“இங்கு வேனில் ஏது, வெயில்தானே உண்டு?” என்று சிலர் நகைக்கலாம். பங்குனியில் மண்டகப்பட்டுச் சாலையில் நடந்து பார்க்கட்டும். வேம்பு பூத்து மணக்கும், புங்க மரத்தடியில் பூ பாய்போல் விரிந்து கிடக்கும், மாவடு உதிரும், சித்திரை பிறந்தால் நுங்கு வந்துவிடும். நம் கல்லூரியில் வகுப்புகள் முடிந்து மாணவர் பிரிவதும் இதே நாள்களில்தான். அப்பிரிவு சிறிதன்று. தேர்வு முடிந்த கையோடு மணமாகிச் செல்லும் மாணவியர் உளர். வளைகுடா நாடுகளுக்கும் சென்னைக்கும் பிழைப்புக்குச் செல்லும் மாணவர் உளர். மூன்றாண்டு ஒரே வரிசையில் அமர்ந்தவர்கள் மீண்டும் ஒருவரையொருவர் காணாமலே போவதும் உண்டு.

ஆயினும் நம் பிரிவு விழாக்களில் ஒலிப்பவை யாவை? யாரோ ஒரு நாயகன் நாயகிக்காக எழுதப்பட்ட திரைப்பாடல்கள். ‘வசந்தம்’ என்ற சொல் அவற்றில் மிகுதியாக வரும்; எந்த ஊரின் வசந்தம் என்று கேட்டால் விடை இராது. பனிமூடிய மலைச்சாரலில் படமான பாட்டு, வேப்பம்பூ உதிரும் முற்றத்தில் ஒலிக்கிறது. பாடுவோர் கண்ணில் நீர் வருகிறது. அந்நீருக்கு உரிய சொல் வரவில்லை.

கடன் வாங்குவது குற்றம் என்று நான் கூறவில்லை. மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுதை இன்றிக் கோயில் அமைத்ததாக அவனது கல்வெட்டே பெருமை பேசுகிறது. குடைவரைக் கலை பிறபகுதிகளில் முன்பே வழங்கியதுதான். அவன் குடைந்ததோ இம்மண்ணின் பாறையை. உமறுப் புலவரும் அவ்வாறே செய்தார். சீறாப்புராணத்தின் களம் அரபு நாடு. ஆயினும் அதன் நாட்டுப் படலத்தில் மழை பெய்து, ஆறு பெருகி, வயலில் நெல் விளைகிறது. தொலைவில் நிகழ்ந்த வரலாற்றைத் தம் மக்களின் கண்முன் நிறுத்த அவருக்குத் தமிழ் மருதம் தேவைப்பட்டது. முறை எங்கிருந்தும் வரலாம். கல்லும் நெல்லும் நம்முடையனவாக இருத்தல் வேண்டும்.

தமிழுக்கு மின்கிதார் ஒத்துவருமா என்ற ஐயமும் இனி வேண்டா. 2018இன் தொடக்கத்தில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவினர், கானாவையும் ராக் இசையையும் இணைத்துத் தம் தெருவின் வாழ்வைத் தமிழிலேயே பாடிக் காட்டிவிட்டனர்.

ஆகவே மாணவர்களே, ஜப்பானியப் பாடல்களைக் கேளுங்கள். ஆனால், மெட்டோடு நின்றுவிடாமல் அவர்கள் பாடிய முறையையும் கற்றுக்கொள்ளுங்கள். பெரியோர்களே, இரைச்சல் என்று ஒதுக்குமுன் அதனுள் என்ன ஏக்கம் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் ஒருமுறை கேளுங்கள். தமிழ்த்துறையினராகிய நாமும் ஒன்று செய்யலாம். யாப்பிலக்கணத் தாளுக்கு மதிப்பெண் இடுவதோடு நம் பணி முடிந்ததாகக் கருதாமல், ஆண்டுதோறும் பங்குனியில், பிரியும் மாணவர் தாமே எழுதி மெட்டமைக்கும் பாட்டு ஒன்றைப் பிரிவு விழாவில் அரங்கேற்றலாம். மரபிசையோ, கானாவோ, ராக்கோ, மெட்டு எதுவாயினும் ஆகுக. அதில் இவ்வூரின் வேம்பும் புங்கும் இருக்கட்டும். பிரிந்து செல்லும் தோழரின் பெயரும் இருக்கட்டும். பத்தாண்டு கழித்து ஏதோ ஓர் அயலூரில் அப்பாட்டை ஒருவர் முணுமுணுப்பாராயின், அதுவே நாம் கற்பித்த தமிழுக்குக் கிடைத்த சான்றிதழாகும்.