சிறார் ஆஸ்துமாவும் புதிய ஊசி மருந்துகளும்: பெற்றோர் அறிய வேண்டியவை

குழந்தைகளின் ஆஸ்துமாவுக்கான புதிய ஊசி மருந்துகள் பற்றிய செய்திகள் அண்மைக் காலமாக அடிக்கடி வெளியாகின்றன. "இனி இன்ஹேலரை நிறுத்திவிடலாமா?" எனப் பெற்றோர் பலர் கேட்கின்றனர். கூடாது என்பதே விடை. அதற்கான காரணம், நோயெதிர்ப்புச் செல்கள் தமக்குள் செய்தி பரிமாறும் முறையில் உள்ளது.

உடலுக்குள் நடப்பது என்ன?

தூசி, புகை, கரப்பான் பூச்சியின் கழிவு, சளியை உண்டாக்கும் வைரஸ் ஆகியவை மூச்சுக்குழாயின் உட்சுவரைத் தாக்கும்போது, அச்சுவரின் செல்கள் சில புரதங்களை அபாய அறிவிப்பாக வெளியிடுகின்றன. அதனை ஏற்கும் வெள்ளையணுக்கள் இன்டர்லூகின்-4, 5, 13 எனும் செய்திப் புரதங்களைச் சுரக்கின்றன.

• இன்டர்லூகின்-4: ஒவ்வாமைக்குரிய ஐஜிஇ எதிர்ப்பொருள் உருவாகத் தூண்டுகிறது.
• இன்டர்லூகின்-5: ஈசினோபில் எனும் வெள்ளையணுக்களைப் பெருக்குகிறது.
• இன்டர்லூகின்-13: சளியை மிகுவித்து, மூச்சுக்குழாய் எளிதில் சுருங்கச் செய்கிறது.

தோல் அரிப்பு, தொடர் தும்மல் ஆகியவற்றிலும் இதே செய்திகள் பங்கு பெறுவதால், இந்நோய்கள் ஒரே குழந்தையிடம் சேர்ந்து காணப்படுவதுண்டு.

புதிய மருந்துகள் செய்வது என்ன?

ஓமலிசுமேப் ஐஜிஇயையும், மெபோலிசுமேப் இன்டர்லூகின்-5ஐயும் தடுக்கின்றன. டுபிலுமேப், இன்டர்லூகின்-4, 13 ஆகிய இரண்டுக்கும் பொதுவான ஏற்பியை அடைக்கிறது. 6 முதல் 11 வயதுடைய சிறாரின் ஆஸ்துமாவுக்கு இவற்றை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் முறையே 2016, 2019, 2021 ஆம் ஆண்டுகளில் அனுமதித்தது.

இவை நோயை வேரறுப்பவை அல்ல. விலையும் மிக அதிகம். இன்ஹேலரை முறையாகப் பயன்படுத்தியும் கட்டுப்படாத ஆஸ்துமாவுக்கு, அதனுடன் கூடுதலாகவே இவை வழங்கப்படுகின்றன. பெரும்பாலான குழந்தைகளுக்கு இவை தேவைப்படுவதில்லை.

இரு இன்ஹேலர்கள், இரு பணிகள்

சால்பியூட்டமால் போன்ற நிவாரண இன்ஹேலர் சுருங்கிய தசையை மட்டுமே தளர்த்துகிறது, அழற்சியைத் தணிப்பதில்லை. பியூடெசோனைடு போன்ற ஸ்டீராய்டு அடங்கிய தடுப்பு இன்ஹேலரே மேற்கூறிய செய்திகளை அடக்குகிறது. ஆஸ்துமாவுக்கான உலகளாவிய 'ஜினா' வழிகாட்டுதல், 12 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு நிவாரண இன்ஹேலரை மட்டும் கொண்டு சிகிச்சை அளிப்பதை 2019 முதல் பரிந்துரைப்பதில்லை.

தடுப்பு இன்ஹேலர் அடிமைப்படுத்தும் என்பது தவறான அச்சம். உயரத்தில் சிறிதளவு குறைவு ஏற்படக்கூடும். ஆயினும் கட்டுப்படாத ஆஸ்துமாவின் கேடு அதனினும் பெரிது. அது உயிரையே பறிக்கக்கூடும். குழந்தை நலமாக இருப்பதாகக் கருதி நீங்களாகவே மருந்தை நிறுத்தாதீர்கள். அழற்சி மீண்டும் தலைதூக்கும்.

சிகிச்சை போதவில்லை எனத் தோன்றினால், இன்ஹேலரையும் ஸ்பேசரையும் மருத்துவரிடம் எடுத்துச் சென்று, பயன்படுத்தும் முறையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீட்டினுள் எவரும் புகைபிடிக்க அனுமதிக்காதீர்கள்.

உடனடிக் கவனத்திற்கு

பேசவோ உண்ணவோ இயலாத மூச்சுத்திணறல், விலா இடுக்குகள் உள்வாங்குதல், உதடு நீலமாதல், நிவாரண இன்ஹேலருக்குப் பின்னும் குறையாத இளைப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் தாமதியாமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.