ஒன்பது கண்களில் ஒரு காடு

வீடியோவும் கணினியும் நுழைந்துவிட்டால் நிலக்காட்சி ஓவியத்தின் கதை முடிந்தது என்று புலம்புகிறவர்கள் டேவிட் ஹாக்னியின் ‘வோல்ட்கேட் வனத்தின் நான்கு பருவங்கள்’ (2010-11) என்ற படைப்பைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தின் கிழக்கு யார்க்‌ஷயரில் ஒரு காட்டுப்பாதை. வண்டியில் ஒன்பது கேமராக்களைப் பொருத்தி, அதே பாதையில் நான்கு பருவங்களிலும் மெல்ல ஊர்ந்து சென்று படமெடுத்தார் ஹாக்னி. பருவத்துக்கு ஒன்பதாக 36 திரைகள், ஒரே நேரத்தில் ஓடுகின்றன. கேமராக்கள் சற்றே வெவ்வேறு கோணம் நோக்கியவை. ஆகவே ஒரு திரையில் முடியும் கிளை பக்கத்துத் திரையில் கொஞ்சம் பிசகித் தொடர்கிறது. அந்தப் பிசகில்தான் ஓவியன் இருக்கிறான் என்பேன். ஒற்றைக் கேமரா நம் பார்வையை ஒரு புள்ளியில் கட்டிப்போடும். இங்கோ எங்கே பார்ப்பது என்பதை நாமே தேர்ந்தாக வேண்டும். 1980களில் புகைப்படங்களை ஒட்டிச் செய்த படத்தொகுப்புகளிலேயே அவர் தொடங்கிவிட்ட சண்டை இது.

நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்னும் தொல்காப்பியத்தைப் பாடம் நடத்துகிறவனுக்கு, பனியும் தளிரும் ஒருசேர ஓடும் இந்த அமைப்பு அந்நியமாகப் படவில்லை.

அவருடைய ஐபேட் ஓவியங்களில் எனக்கு அத்தனை உற்சாகமில்லை. 2011இன் வசந்த வருகையைச் சொல்லும் 51 ஐபேட் ஓவியங்கள், 32 கித்தான்களாலான எண்ணெய் ஓவியம் ஒன்றுடன், 2012இல் லண்டன் ராயல் அகாதமியில் வைக்கப்பட்டன. பெரிதாக அச்சிட்டதும் அந்தக் கோடுகள் வழவழத்துப் போகின்றன. எண்ணெய் வண்ணத்தின் கனம் அவற்றில் இல்லை. ஆனாலும் விடியலின் ஒளி மாறுமுன், வண்ணம் குழைக்காமலே வரைந்துவிடும் வேகத்தை அந்தச் சிறு பலகைதான் அவருக்குக் கொடுத்தது.