பேய்க்கு எதற்குப் பங்களா?

கேமரன் மலை என்றதும் பேய்க்கதைப் பிரியர்கள் ஒரே பல்லவியைத்தான் பாடுகிறார்கள்: பனிமூட்டம், வெள்ளைக்காரன் பங்களா, காட்டுக்குள் போய்த் திரும்பாத மனிதன். அசல் திகில் அதுதானாம். கோட்டை கொத்தளம் இல்லாத நமக்கு அது மேற்கிலிருந்து வந்த சரக்காம். தோட்டத்து முனியும் மோகினியும் வெறும் மூடநம்பிக்கையாம்.

முதலில் பங்களா. பழைய மாளிகையில் பழைய பாவம் பதுங்கியிருக்கும் என்பது, 1764-இல் ஹொரேஸ் வால்போல் ஒட்ராண்டோ கோட்டையைப் பற்றி எழுதியதிலிருந்து தொடரும் ‘கோதிக்’ கதை வழக்கம். கேமரன் மலையில் அந்தப் பழமை எங்கே இருக்கிறது? வில்லியம் கேமரன் இந்த மலையை அளக்க வந்ததே 1885-இல். போ தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கியது. கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக நானூறு வருஷத்து இங்கிலாந்து போல நிற்கும் ஸ்மோக்ஹவுஸ் விடுதி 1937-இல் எழுந்தது. பங்களாவில் ஆவி குடியிருக்கும், லயத்தில் இருக்காது என்றால் ஆவியும் துரைமார் கட்சிதான் போலும்.

திரும்பாத மனிதர் ஜிம் தாம்சன். தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் பேர்பெற்ற அமெரிக்கர். 1967 மார்ச் 26 அன்று தானா ராத்தா அருகே மூன்லைட் பங்களாவிலிருந்து நடக்கப் போனவர் கிடைக்கவே இல்லை. மர்மம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது துப்பறிவாளருக்கு உரிய மர்மம். பேய்க்கு அதில் வேலை இல்லை.

பனியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். லெம்பா பெர்த்தாமில் இரவில் பனிக்குள் மஞ்சள் வெளிச்சம் மிதப்பதைக் கண்டு வெளியூர்க்காரர்கள் மிரளலாம். செவ்வந்தி சீக்கிரம் பூத்துவிடாமல் தண்டு நீளட்டும் என்று பிளாஸ்டிக் கூடாரங்களில் போட்டுவைத்த விளக்கு அது. தோட்டக்காரருக்குப் பயம் மின்கட்டணத்தை நினைத்துத்தான்.

மேற்கத்திய சரக்கு என்ற பேச்சுக்கு வருவோம். வால்போலுக்குப் பல நூற்றாண்டு முன்பே காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுச் சுடுகாட்டுப் பேய்களைப் பாடிவிட்டார். சுடுகாட்டைப் பாடிவிட்டால் மட்டும் அது கோதிக் ஆகிவிடுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அதே வட்டாரத்துப் பழையனூர் நீலி. கணவன் கையால் செத்தவள், அடுத்த பிறவியில் அவனைத் துரத்தி வருகிறாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் மனைவியின் உருவிலேயே எழுபது வேளாளர் சபையில் நின்று நியாயம் கேட்கிறாள். ‘இவள் பேய்’ என்று அவன் கதறுகிறான். சபை நம்பவில்லை, அவன் காப்புக்கு வைத்திருந்த கத்தியையும் வாங்கிக்கொண்டு அவளோடு அனுப்பிவைக்கிறது. புதைத்த குற்றம் திரும்பி வருவதுதான் கோதிக்கின் உயிர்நாடி என்றால், இங்கே அது பஞ்சாயத்து வழியாகவே வருகிறது. நன்கு தெரிந்ததே அந்நியமாகிப் பயமுறுத்துவதைப் பற்றி ஃபிராய்ட் 1919-இல் எழுதினார். கள்ளிக்கொம்புக் குழந்தையைவிட அதற்கு நல்ல உதாரணம் வேண்டுமா? புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யிலும் கோட்டை கிடையாது. ஓர் எழுத்தாளரின் வீடு, வேலைக்கு வந்து சேரும் ஒரு பெண், அவ்வளவுதான்.

பயம் எல்லை தாண்டும்போது ஒரு திசையில் மட்டும் போவதில்லை. 1957-இல் சிங்கப்பூரில் ‘பொந்தியானாக்’ மலாய்ப் படத்தை இயக்கிய பி. என். ராவ் இந்தியாவிலிருந்து வந்தவர். பிள்ளைப்பேற்றில் இறந்தவள் பேயாக வருவாள் என்பது மலாய்க் கம்பத்து நம்பிக்கை. வயிற்றுச் சுமையோடு இறந்தவளுக்குச் சுமைதாங்கிக்கல் நட்டது தமிழ்நாட்டு வழக்கம். அடியில் கிடப்பது ஒரே துக்கம். அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்கள் டிராகுலாவை மட்டும் இலக்கியம் என்கிறார்கள்.

தோட்டத்துத் திகிலுக்கு எழுதத் தகுந்த பொருள் இல்லை என்பது கடைசி வாதம். பெர்த்தாம் ஆற்றை மறித்து ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை 1963-இல் கட்டி முடிக்கப்பட்டது. 2013 அக்டோபர் 23, நள்ளிரவு கடந்த நேரத்தில் அணைநீர் திறந்துவிடப்பட, லெம்பா பெர்த்தாமில் ஆற்றோர வீடுகளும் வண்டிகளும் அடித்துக்கொண்டு போயின, உயிர்களும் போயின. பகலில் கால் நனைத்த ஆறு பாதி ராத்திரியில் வீட்டுக்குள் வந்து நிற்பதற்கு ஃபிராய்ட் என்ன பெயர் வைத்திருப்பார்? திகில் எழுத இந்த மலைக்கு வருகிறவர்கள் மூன்லைட் பங்களாவில் அறை தேடுவதை விட்டுவிட்டுக் கீழே ஆற்றங்கரையில் விசாரிக்கலாம்.