எல்லாருக்கும் குடுக்கிற மெடல்தானே?



எங்கள் வீட்டு ஹோலில் ஒரு கண்ணாடி ஷோகேஸ் இருக்கிறது. மேல்தட்டில் எங்கள் கல்யாணத்துக்கு வந்த டீ செட். கீழ்த்தட்டுகள் இரண்டிலும் மகனின் கப்புகள். கிரிக்கெட், உதைபந்து, இல்ல விளையாட்டுப் போட்டி என்று வரிசையாக நிற்கும். வருகிறவர்கள் பார்த்துவிட்டு "மாஷா அல்லாஹ்" சொல்வார்கள். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான், மறைப்பானேன்?

மகள் தரம் 9. போன வருடம் 5 கிலோமீட்டர் ஓட்டமொன்றில் முழுக்கை ஜேர்சியும் ஸ்கார்ஃபுமாக ஓடி முடித்து, கழுத்தில் மெடலோடு வந்தாள். முதல் மூன்று இடத்துக்குரிய மெடல் இல்லை, எல்லைக்கோட்டைக் கடந்த அனைவருக்கும் போட்டுவிடுவது. "வாப்பா, இத எங்க வைக்கிற?" என்று கேட்டாள். நான் போனில் இருந்து கண்ணை எடுக்காமலே, "அது எல்லாருக்கும் குடுக்கிறதுதானே மகள், உங்கட மேசையில வைங்க" என்றேன்.

நோன்புக்கு முன் வீடு துப்புரவாக்கும்போதுதான் அந்த மெடலை மறுபடி கண்டேன். சப்பாத்துப் பெட்டிக்குள், பழைய கொப்பிகளுக்கு அடியில், ஈரம் காயாத ரிப்பனோடு மடித்து வைத்தபடி. விளிம்பில் பூச்சு கழன்று கறுத்துப்போயிருந்தது. எறியவும் மனமில்லை, வெளியே வைக்கவும் வெட்கம். அந்த வெட்கத்தைக் கொடுத்தது நான். பிள்ளைகளை ஊக்கப்படுத்துங்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் மைக் பிடிக்கிற அதே நான்.

நம் பாடசாலை மேடைகளில் மூன்று பேருக்குத்தான் இடம். நாலாவது வந்த பிள்ளையின் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை, கடைசியாக வந்த பிள்ளையைப் பார்த்துச் சிரிப்போம். 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டுக் கருணானந்த 10,000 மீற்றர் ஓடினார். 25 சுற்று. மற்றவர்கள் எல்லாரும் முடித்த பிறகும் அவருக்குச் சுற்றுகள் மீதி இருந்தன. தனியாகவே ஓடி முடித்தார். முதலில் கேலி செய்த கூட்டம் கடைசியில் எழுந்து கைதட்டியது. ஜப்பானில் அந்தக் கதையைப் பாடப்புத்தகத்திலேயே போட்டார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

இதைப்பற்றிப் பேசும்போது ஒரு நண்பர் கேட்டார், "சேர், மெடலைச் சுவரில மாட்டுறது முகஸ்துதி ஆகாதா?" நியாயமான கேள்வி. எண்ணம் என்ன என்பதை அல்லாஹ் அறிவான். ஆனால் மகனின் கப்புகள் ஷோகேஸ் நிறைய இருந்தபோது இந்தக் கேள்வி யாருக்கும் வரவில்லையே. மகளின் ஒரு மெடலுக்கு மட்டும் ஏன் வருகிறது? கண்ணூறு பயம் என்றால் ஹோலில் வேண்டாம், அவளுடைய அறையில் மாட்டுங்கள். பெட்டிக்குள் மட்டும் போடாதீர்கள்.

எப்படி மாட்டுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆணி அடித்து நானே சுவரைக் கெடுத்தவன். இந்த மெடல்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே மெல்லிய பூச்சுப் பூசியவை. பித்தளை துலக்குகிற திரவத்தைப் போட்டால் பூச்சோடு போய்விடும். காய்ந்த பருத்தித் துணி போதும். நம்மைப்போல கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றுதான் எதிரி, அதனால் கடல் பக்க ஜன்னலுக்கு நேரே வேண்டாம். நேர் வெயிலும் வேண்டாம், ரிப்பனின் நிறம் வெளிறிவிடும். வியர்வையோடு வந்த ரிப்பனை ஒரு நாள் நிழலில் காயவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கண்ணாடிக்குள் வைக்கிறவர்கள், புதுச் சப்பாத்துப் பெட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பக்கெட் இரண்டை மூலையில் போடுங்கள்.

கடைகளில் விற்கிற ஸ்டாண்டுக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை. மிஞ்சிய கேட்டன் கம்பி ஒன்று போதும். நாங்கள் ஓடாவியிடம் இரண்டடிப் பலகைத் துண்டொன்றைச் சீவி எடுத்து, ஆறு கொக்கி திருகினோம். பார்க்கச் சின்னதாக இருந்தாலும் பத்து மெடல் சேர்ந்தால் பாரம் வரும், அதனால் வெறும் ஆணி வேண்டாம். சுவரில் துளை போட்டு, பிளக் வைத்து ஸ்குரூ முடுக்குங்கள். ஓடும்போது நெஞ்சில் குத்திய இலக்கத் தாளையும் எறியாதீர்கள். அதன் பின்பக்கத்தில் திகதி, தூரம், எடுத்த நேரம் மூன்றையும் பிள்ளையின் கையாலேயே எழுதவைத்து மெடலுக்குப் பின்னால் மாட்டுங்கள். என் மகள் 41 நிமிடம் என்று எழுதினாள். எழுதிவிட்டு, "அடுத்த முற 38" என்று தானாகவே சொன்னாள்.

பலகையை அவள் உயரத்துக்குத்தான் அடித்தோம். எடுத்துப் பார்க்க, கழுத்தில் போட்டுக் கண்ணாடியில் பார்க்க வசதியாக. அவளுடைய உம்மம்மா அன்று கண்ணாடி போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எத்தனாவது வந்த மகள்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன் மனைவி, "ஓடி முடிச்சிருக்கா உம்மா" என்றார்.

பலகையில் இன்னும் ஐந்து கொக்கி காலி. அளவு வேண்டியவர்கள் அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வாருங்கள். ஓடாவியிடம் இன்னும் நாலைந்து துண்டு மிச்சம் இருக்கிறதாம், கொக்கிக்கும் கூலிக்கும் மட்டும் காசு கொடுத்தால் போதும் என்கிறார்.