டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்!

இப்போதெல்லாம் வீட்டில் சப்பாத்தி போட்டால் குருமா வேண்டாமாம், தக்காளித் தொக்கு வேண்டாமாம். "அம்மா, சீஸ் டிப் இருக்கா?" என்றுதான் பிள்ளைகள் கேட்கிறார்கள். பெரம்பலூர் கடைவீதியானாலும் சரி, அரியலூரானாலும் சரி, கொஞ்சம் பெரிய மளிகைக் கடையில் நுழைந்தால் இந்த டப்பாக்கள் கண்ணில் படாமல் போகாது. "சீஸ் என்றால் பால்தானே, பால் என்றால் சத்துதானே" என்று நாமும் கூடையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம்.

அரியலூரில் இருக்கும் என் தங்கை மகளுக்கு மூன்று வயதில் ஒரு பையன். பால் டம்ளரைக் கண்டாலே ஓட்டம் பிடிக்கிறானாம். "போனாப் போவுது பெரியம்மா, காலைல தோசைக்கு ரெண்டு ஸ்பூன், ராத்திரி சப்பாத்திக்கு ரெண்டு ஸ்பூன் சீஸ் டிப் தடவிக் குடுத்துடறேன். பாலுக்குப் பதிலா கால்சியம் வந்துடும்ல?" என்று போனில் கேட்டாள்.

வந்துவிடுமா? நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். ஆனால் இந்தக் கேள்விக்குப் பெரிய படிப்பு தேவையில்லை சகோதரிகளே. டப்பாவைத் திருப்பி, பின்னால் உள்ள பொடி எழுத்தைப் படித்து, கொஞ்சம் பெருக்கிப் பார்த்தால் போதும்.

முதலில் ஒன்று. 'சீஸ் ஸ்பிரெட்' வேறு, 'சீஸி டிப்' வேறு. முன்னது பாலாடைக்கட்டியை உருக்கிச் செய்வது. வெறுமனே சூடு காட்டினால் சீஸ் நெய்யாகப் பிரிந்து, மீதி ரப்பர் போலத் திரண்டுவிடும். அப்படி ஆகாமலிருக்க சோடியம் சிட்ரேட், சோடியம் பாஸ்பேட் போன்ற உப்புகளைச் சேர்க்கிறார்கள். 1911-இல் ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் கண்டுபிடித்த வித்தை இது. பின்னது பல சமயம் எண்ணெயும் தண்ணீரும் அடித்த கலவை. அதில் வாசனைக்குக் கொஞ்சம் சீஸ் பொடி இருக்கும், அவ்வளவுதான்.

எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சேர்மானப் பட்டியலில் எடை அதிகமுள்ள பொருளைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். முதல் பெயர் 'சீஸ்' என்றிருந்தால் அது ஒரு ஜாதி. 'தண்ணீர், சமையல் எண்ணெய், சர்க்கரை' என்று ஆரம்பித்தால், மேலே வழியவிட்டிருக்கும் மஞ்சள் படத்தை மறந்துவிடுங்கள். சீஸ் என்று பெரிதாகப் போட்டு விற்றால் அது எத்தனை சதவீதம் என்றும் அச்சிட வேண்டும். அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள், சில டப்பாக்களில் சிரிப்பு வரும்.

நான் பார்த்த டப்பாக்களிலிருந்து இரண்டு கணக்கு சொல்கிறேன். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உங்கள் வீட்டு டப்பாவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரெட் வகை ஒன்றில் 100 கிராமுக்குக் கலோரி 260, கொழுப்பு 23 கிராம், புரதம் 9 கிராம், சோடியம் 900 மில்லிகிராம். டிப் வகை ஒன்றில் கலோரி 390, கொழுப்பு 38 கிராம், சோடியம் 950 மில்லிகிராம். புரதம்? ஒன்றரை கிராம்!

இப்போது நம் பையனுக்கு வருவோம். மேஜைக் கரண்டி ஒன்று சுமார் 15 கிராம். நாலு கரண்டிக்கு 60 கிராம். டிப் வகையானால் கொழுப்பு 23 கிராம் போகிறது, புரதம் ஒரு கிராம்கூட இல்லை. சோடியம் 570 மில்லிகிராம், அதாவது ஒன்றரை கிராம் உப்புக்குச் சமம். (சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்புக் கணக்கு வந்துவிடும். மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.) வளர்ந்தவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைக்கு அதன் சாப்பாட்டு அளவுக்குத் தகுந்தாற்போல் அது இன்னும் குறைய வேண்டும். பெரியவர்கள் சாப்பிடுவதில் பாதி சாப்பிடும் பிள்ளைக்கு, நாள் முழுவதற்குமான உப்பில் பாதிக்கு மேல் இந்த நாலு கரண்டியிலேயே தீர்ந்துவிட்டது. சாம்பார், இட்லி, ரசம் இன்னும் பாக்கி இருக்கிறதே! அதைவிட, உப்பு நாக்கு ஒரு தடவை பழகிவிட்டால் வீட்டுச் சாப்பாடு சப்பென்றுதான் இருக்கும். ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இந்த டப்பாவே வேண்டாம்.

கால்சியம்? அந்த எண்ணைப் பல டப்பாக்களில் காணவே காணோம். அதைக் கட்டாயம் அச்சிட வேண்டும் என்று விதியில்லை. 'கால்சியம் நிறைந்தது' என்று அவர்களே விளம்பரப்படுத்தினால்தான் எண்ணைக் காட்டியாக வேண்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பட்டியல்படி கட்டியான அசல் சீஸில் 100 கிராமுக்கு 790 மில்லிகிராம் உண்டு, அது உண்மை. ஆனால் டப்பாவில் சீஸ் எத்தனை சதவீதமோ அத்தனைதானே வரும்? மூன்று வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் தேவை. சுண்ணாம்புக்கல்லுக்குப் பேர் போன அரியலூரில் உட்கார்ந்துகொண்டு கால்சியத்துக்காக டப்பாவைத் தேடுகிறாள் என் மகள்! (மண்ணில் இருப்பது சிமெண்டுக்குத்தான், நமக்கில்லை என்பது வேறு விஷயம்.)

பால் குடிக்காத பிள்ளை தயிர் சாப்பிடும். 100 கிராம் தயிரில் சுமார் 150 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. கேழ்வரகில் 340-க்கு மேல். 30 கிராம் மாவில் ஒரு குட்டி அடை தட்டினால் அதிலேயே நூறு வந்துவிடும். முருங்கைக் கீரையைப் பொடியாக நறுக்கி அதில் போட்டால் இன்னும் கூடும். "கலர் பிடிக்காது பெரியம்மா" என்றாள். வெல்லம் போட்டால் கலர் யார் பார்க்கிறார்கள்?

வீட்டில் ரத்தக் கொதிப்புள்ள மாமனார், மாமியார் இருந்தால் இந்த டப்பா அவர்கள் தட்டுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊறுகாய் கூடாது என்று டாக்டர் சொன்னதைப் பிடிவாதமாகக் கடைப்பிடிப்பவர்கள், "இது பால்தானே" என்று பேரனோடு சேர்ந்து தொட்டுக்கொள்வார்கள்.

அதற்காக சீஸே விஷம் என்று நான் சொல்லவில்லை. சீஸ் முதலில் எழுதியிருக்கும் டப்பாவாக வாங்கி, வாரத்துக்கு ஒரு நாள் ஒரு கரண்டி கொடுங்கள், பிள்ளை சந்தோஷப்படட்டும். பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவம்தான், சந்தேகம் வேண்டாம்.

மற்ற நாட்களுக்கு நான் செய்வது இது. இரண்டு கப் கெட்டித் தயிரை வெள்ளைத் துணியில் கட்டி மூன்று மணி நேரம் தொங்கவிடுவேன், வெயில் காலமானால் ஃப்ரிட்ஜுக்குள். ஆண்டிமடம் பக்கத்து முந்திரி ஏழெட்டை வெந்நீரில் ஊற வைத்து, ஒரு கரண்டி பொட்டுக்கடலையுடன் மையாக அரைத்து, வடிந்த தயிரில் கலப்பேன். நம் பெரம்பலூர் சின்ன வெங்காயம் நாலை வதக்கிப் பொடியாக நறுக்கிச் சேர்த்து, சீரகப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு. மஞ்சளாக இருந்தால்தான் தொடுவேன் என்கிற பிள்ளைக்கு வெந்த பரங்கிக்காய்த் துண்டு ஒன்றைச் சேர்த்து அரைத்துவிடுங்கள். வடிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள், கால்சியம் அதிலும் இறங்கியிருக்கும். சப்பாத்தி மாவை அதிலேயே பிசையலாம். ஃப்ரிட்ஜில் இரண்டு நாளைக்கு மேல் வைக்க வேண்டாம், வெங்காயம் சேர்த்த தயிர் சீக்கிரம் புளித்து வாடை வந்துவிடும்.