கோடு போடுகிறவர் யார்?

சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பில் சேலம் ஜில்லாப் படத்தை விரித்து வைத்துப் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். தறிக்கார வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, "ஸார், நம் ஜலகண்டாபுரம் மேட்டூர் தாலுகாதானே? எங்கள் அப்பா மட்டும் ஏன் எடப்பாடித் தொகுதிக்கு வோட்டுப் போடுகிறார்? மேட்டூரில் இருக்கும் என் மாமா பார்லிமெண்டுக்குத் தர்மபுரி அபேட்சகரைத் தேர்ந்தெடுக்கிறார். நாங்களோ சேலத்து அபேட்சகரைத் தேர்ந்தெடுக்கிறோம். ஒரே தாலுகாவுக்கு இரண்டு எம்.பி.யா?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. நம்மில் எத்தனை பெரியவர்கள் இதைக் கேட்டிருக்கிறோம்?

விடை கணக்கில் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டசபைக்கு ஸ்தானங்கள் 234. லோக சபைக்கு 39. ஆகவே ஆறு சட்டசபைத் தொகுதிகள் சேர்ந்து ஒரு லோக சபைத் தொகுதி. சேலம் ஜில்லாவிலோ பதினொரு சட்டசபைத் தொகுதிகள். பதினொன்றை ஆறு ஆறாகப் பங்கிட முடியுமா? 2008-ஆம் வருஷத்து எல்லை வரையறை உத்தரவில் ஆறு தொகுதிகள் சேலத்துக்கு நின்றன. ஆத்தூர், கெங்கவல்லி, ஏற்காடு மூன்றும் கள்ளக்குறிச்சியோடு சேர்ந்தன. மேட்டூர் தர்மபுரிக்கும், சங்ககிரி நாமக்கல்லுக்கும் போயின. அதற்கு முன்பு எடப்பாடி, திருச்செங்கோடு லோக சபைத் தொகுதியைச் சேர்ந்தது. அந்தத் தொகுதியும், ராசிபுரம் லோக சபைத் தொகுதியும் அந்த உத்தரவோடு மறைந்தன. நாம் குடியிருந்த வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. நம்மைச் சுற்றிப் போட்ட கோடுதான் நகர்ந்தது.

கோடு நகர்வது புதிதல்ல. 1952-ஆம் வருஷத்துப் பொதுத் தேர்தலில் பழைய சென்னை ராஜ்யத்துக்கு லோக சபையில் 75 ஸ்தானங்கள். ஆந்திரம் பிரிந்து, 1956-இல் பாஷைவாரி ராஜ்யங்கள் அமைந்த பிறகு அது 41 ஆயிற்று. 1967-இல் 39-ஆகக் குறைந்தது. ஜனத்தொகை குறைந்ததாலா? இல்லை, நம்முடையது பெருகிய வேகத்தைக் காட்டிலும் மற்ற ராஜ்யங்களில் அதிக வேகமாய்ப் பெருகியதால்.

இதில் ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது என்பதைப் பின்னால் பலரும் உணர்ந்தார்கள். குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்று நடந்த ராஜ்யத்துக்கு ஸ்தானம் குறைவதும், நடவாத ராஜ்யத்துக்குக் கூடுவதும் சரியல்லவே. ஆகவே 1976-இல் அரசியல் சட்டத்தின் 42-வது திருத்தம், ராஜ்யங்களின் பங்கை 1971-ஆம் வருஷத்துக் கணக்கோடு நிறுத்தி வைத்தது. 2001-ஆம் வருஷத்து 84-வது திருத்தம் அந்த நிறுத்தத்தை, 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் ஜனத்தொகைக் கணக்கு வரையில் நீட்டித்தது. கெடு கிட்ட நெருங்கியதும், 2025 மார்ச்சில் பல ராஜ்யங்களின் தலைவர்கள் சென்னையில் கூடி ஆலோசித்தார்கள்.

எதிர்த் தரப்பின் நியாயத்தையும் நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். 1971-இல் தமிழ்நாட்டில் ஒரு லோக சபை ஸ்தானத்துக்குச் சுமார் பத்தரை லட்சம் ஜனங்கள். ராஜஸ்தானத்திலும் ஏறக்குறைய அதே அளவுதான். 2011-ஆம் வருஷத்துக் கணக்கிலோ இங்கே பதினெட்டரை லட்சம். அங்கே இருபத்தேழு லட்சத்துக்கு மேல். "என் வோட்டுக்கு மட்டும் மதிப்புக் குறைவா?" என்று ராஜஸ்தானத்துக் குடியானவர் கேட்டால், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் இந்தப் பிரச்னையை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். அங்கே பிரதிநிதி சபைக்கு மொத்தம் 435 ஸ்தானங்கள். பத்து வருஷத்துக்கு ஒரு முறை ராஜ்யங்களுக்குள் மறுபடி பங்கீடு. 1940-களில் 45 ஸ்தானங்கள் பெற்றிருந்த நியூயார்க்குக்கு 2020-ஆம் வருஷத்துக் கணக்குக்குப் பின் 26-தான். ஆனால் அங்கே பல ராஜ்யங்களில் கோடு போடுகிறவர்கள் அந்தந்தச் சட்டசபைக்காரர்களே. தமக்குச் சாதகமாக அவர்கள் கோணல் கோணலாய் எல்லை வகுப்பது 1812 முதலே பேர் போன சங்கதி. அந்த மட்டில், தனிக் கமிஷன் ஒன்றிடம் கோலைக் கொடுத்த நம் நாட்டு முறை மேலானது என்றே சொல்வேன்.

ஆயினும் அந்தக் கமிஷனின் முடிவான உத்தரவை எதிர்த்துக் கோர்ட்டில் வெற்றி பெறுவது மிக அரிது. பேச வேண்டிய காலம் அதற்கு முன்பே இருக்கிறது. 2002-ஆம் வருஷத்துச் சட்டப்படி நகல் திட்டத்தைக் கெஜட்டிலும் பத்திரிகைகளிலும் பிரசுரித்து, ஆட்சேபங்களைக் கேட்டு, பொது விசாரணை நடத்த வேண்டும். அந்தச் சில வாரங்களில் பொது ஜனங்கள் மௌனமாயிருந்தால், பேசத் தெரிந்த சிலர் மட்டும் பேசிவிட்டுப் போவார்கள்.

ஆகையால் அடுத்த முறை அந்த நகல் வெளியாகும்போது, படிக்கத் தெரிந்த ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது அதை வாங்கிப் படித்துத் தம் ஊரைத் தேடிப் பார்க்க வேண்டும். ஊர் எந்தத் தொகுதியில் இருக்கிறது, ஏன் இருக்கிறது, எம்.பி.யைப் பார்க்க எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று யோசித்து, ஆட்சேபம் இருந்தால் ஒரு கடிதம் எழுத வேண்டும். வோட்டுப் போடுவது எப்படிக் கடமையோ, இதுவும் அப்படியே.

என் மாணவனிடம் படத்தையும் ஒரு பென்ஸிலையும் கொடுத்து, "பதினொரு தொகுதிகளை நீயே நியாயமாய்ப் பங்கிட்டுக் கொண்டு வா, பார்ப்போம்" என்று சொல்லியனுப்பினேன். மூன்று நாள் ஆகிறது. இன்னும் அழித்து அழித்துப் போட்டுக் கொண்டிருக்கிறான்.