பொம்மை காரை ரோபோ ஆக்குறது வெட்டி வேலை இல்லைங்க

இந்த வாரம் மஞ்சள் விலையும் இல்லை, மழையும் இல்லை. எங்க வீட்டுத் திண்ணையில நடக்கிற ஒரு ரோபோ வேலையைப் பத்தி எழுதுறேன். என் கருத்தோட ஒத்துப்போகாதவங்க எங்க குடும்பத்துலயே இருக்காங்க. அதனாலதான் எழுதவே தோணுச்சு.

அண்ணன் மகன் பத்தாவது படிக்கிறான். 2008-ல வந்த ‘வால்-ஈ’ங்கிற அமெரிக்க கார்ட்டூன் படத்தை உங்க பிள்ளைகள் பார்த்திருப்பாங்க. குப்பை மேடாகிப் போன பூமியில ஒரு சின்ன ரோபோ தனியா கிடந்து குப்பையை அமுக்கிக் கட்டி அடுக்கும். ஒரு நாள் பச்சைச் செடி ஒண்ணு கண்ணுல பட, அதை மண்ணோட எடுத்து பழைய பூட்ஸுக்குள்ள வச்சுக் காப்பாத்தும். என்னை மாதிரி விவசாயிக்கு அந்தப் படம் பிடிக்க அது ஒண்ணே போதும்.

அந்த ரோபோவைத்தான் பையன் ஒரு பழைய ரிமோட் கார் மேல கட்டிக்கிட்டிருக்கான். “பரீட்சையை வச்சுக்கிட்டு பொம்மை விளையாட்டா? எல்லாத்தையும் இரும்புக் கடையில எடைக்குப் போட்டுடுவேன்”னு அண்ணன் சொல்லிட்டாரு. போடக் கூடாதுங்கிறது என் கட்சி. ஏன்னு சொல்றேன்.

படத்துல அந்த ரோபோ கம்ப்யூட்டர்ல செஞ்சது, அதுக்கு எடை கிடையாது. நம்ம கையால செஞ்சா எடை வந்துடும். முதல்ல பிளைவுட்டுல உடம்பு செஞ்சான். மோட்டார் முனகுச்சே தவிர நகரலை. அப்புறம் போர்டு எழுதுற கடையில மிச்சம் விழுந்த சன்போர்டுல செஞ்சான். நகர்ந்துச்சு, ஆனா திரும்பும்போது குப்புற விழுந்துச்சு. வைக்கோல் பாரம் உசரமா ஏத்தின வண்டி வளைவுல சாயுமே, அதே கதை. பேட்டரியை அடித்தட்டுக்கு இறக்கினதும் நின்னுடுச்சு.

அடுத்தது வேகம். ரிமோட் கார் ஓட்டமா ஓடும், வால்-ஈ மெல்ல ஊர்ந்து போறது. ஒரு பேட்டரியைக் குறைச்சுப் பார்த்தான். வேகம் குறைஞ்சுது, கூடவே இழுவையும் போச்சு. சேத்து உழவுக்கு நாம டிராக்டரை ஏன் லோ கியர்ல போடுறோம்? வேகத்தைக் கொடுத்துட்டு இழுவையை வாங்குறோம். இதைச் சொன்னதும் பல்சக்கரம் வச்ச சின்ன மோட்டார் ரெண்டு வாங்கிட்டு வந்தான். ரெண்டும் சேர்ந்து 200 ரூபாய்தான்.

திரும்புறதுதான் பெரிய பாடம். கார் முன் சக்கரத்தை வளைச்சுத் திரும்பும், அதுக்கு நிறைய இடம் வேணும். வால்-ஈக்கு ரெண்டு பக்கமும் பட்டை. ஒரு பக்கம் நின்னு மறு பக்கம் ஓடினா நின்ன இடத்துலயே திரும்பும். பிணையல் ஓட்டின காலத்துல உள் மாடு மெதுவா மிதிக்கும், வெளி மாடு எட்டி நடக்கும். டிராக்டர்லயும் ஒரு பக்க பிரேக்கை மட்டும் மிதிச்சு வரப்போரம் ஒடிச்சுத் திருப்புறோம். பையன் முன் சக்கரத்தோட திருப்பு மோட்டாரைக் கழட்டிட்டு, அந்த வயரை இடப் பக்க மோட்டாருக்கும், ஓட்டுற வயரை வலப் பக்க மோட்டாருக்கும் கொடுத்துட்டான். பழைய ரிமோட்டே போதுமானதாயிடுச்சு.

எடை, இழுவை, திருப்பம். இதெல்லாம் அவன் புத்தகத்துல இருக்கு. மனப்பாடம் பண்ணினது பரீட்சை முடிஞ்சதும் போயிடும். விழுந்து விழுந்து நிமிர்த்தினது போகாது.

டவுன்ல ரோபோ வகுப்புக்கு நிறைய பணம் கட்டுறீங்கன்னு தெரியும். தப்பு சொல்லலை. ஆனா அந்தப் பெட்டியில எல்லாத் துண்டும் ஒண்ணோட ஒண்ணு பொருந்துற மாதிரியே வருது. பொருந்தாததைப் பொருத்துறதுலதான் வேலையே இருக்குங்கிறேன் நான்.

சினிமாக்காரங்களே இதுல திண்டாடியிருக்காங்க. 1977-ல வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துல ஆர்2-டி2ன்னு ஒரு ரோபோ. துனீசியா பாலைவனத்துல ரிமோட்ல ஓட்டினது மணல்ல மக்கர் பண்ணுச்சு. பல காட்சிக்கு கென்னி பேக்கர்ங்கிற குள்ளமான நடிகர் உள்ளே உட்கார்ந்துதான் அசைச்சாரு. பின்னாடி அதைப் பார்த்து ஆசைப்பட்டு சொந்தமா ஆர்2-டி2 செஞ்ச ரசிகர்கள் ரெண்டு பேரையே, 2015-ல வந்த படத்துக்கு ரோபோ செய்யக் கூப்பிட்டாங்க. நம்ம பையனுக்கும் அப்படி நடக்கும்னு சொல்லலை. ஆசைக்குச் செய்யறவன் கையிலயும் தொழில் படியும், அவ்வளவுதான்.

அண்ணன் பக்கமும் நியாயம் இருக்கு. பரீட்சை வரைக்கும் பரண்ல ஏத்தி வைக்கலாம். எடைக்குப் போட மட்டும் வேண்டாம்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது வீட்டுல உடைஞ்சு கிடக்கிற ரிமோட் காரைக் குப்பையில போடாம எடுத்துட்டு வாங்க. இப்படிப்பட்ட பிள்ளைங்களைப் பார்த்தா ‘கிராமத்து விஞ்ஞானி’ன்னு போட்டோ எடுத்துப் போட்டுட்டுப் போயிடாதீங்க. பத்து நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க. உங்கள்ல சால்டரிங் பிடிக்கத் தெரிஞ்சவங்க ஒரு மத்தியானம் கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுங்க. எங்க திண்ணையில இடம் இருக்கு, சாப்பாடும் உண்டு.